பழஞ்சேலைப் போர்வை: உதிர்கிற கட்டத்தைப் பிரிப்பதா, மேலே ஒட்டுப் போடுவதா?

கியூர்பிப்_மருமகள் (புதன், காலை 9.12)

எல்லோருக்கும் வணக்கம். மொரிஷியஸ் முழுக்க மூன்றாம் புயல் எச்சரிக்கை போட்டாயிற்று. பஸ் இல்லை, கடை இல்லை, ஆபீஸ் இல்லை. காற்றை மட்டும் இன்னும் காணோம், வழக்கமான கியூர்பிப் தூறல்தான். ரொட்டி, மெழுகுவர்த்தி, தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு அலமாரியைக் குடைந்தபோது என் மாமியாருடைய பாட்டி தைத்த போர்வை வெளியே வந்தது. இன்றைய பொழுது இதோடுதான் போகப்போகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரட்டைக் கட்டிலுக்குச் சரியான அளவு. மேல்பக்கம் சேலைத்துணி, சட்டைத்துணி, பாவாடைத்துணி என்று கைக்கு வந்ததையெல்லாம் ஒரு சாண் சதுரங்களாக வெட்டிச் சேர்த்திருக்கிறார்கள். அடிப்பக்கம் மாவு மூட்டைத் துணி. துவைத்துத் துவைத்து மெலிந்துவிட்டது, ஆனாலும் மூட்டையில் அச்சடித்திருந்த எழுத்து ஒரு மூலையில் வெளிறிய நீலத்தில் தலைகீழாகத் தெரிகிறது. நடுவில் பஞ்சு கிடையாது. கிழிசல் வழியாக விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே இன்னொரு பழைய போர்வை! மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டிருக்கிறார்கள், வரிசைக்கு வரிசை ஒரு விரல் இடைவெளி.

இனி கோளாறுகள். பழுப்பும் கறுப்புமான சதுரங்கள் தொட்டாலே பொடியாக உதிர்கின்றன, ஆனால் பக்கத்திலிருக்கும் சிவப்புச் சதுரம் கெட்டியாக இருக்கிறது. சேலைக்கரைத் துண்டு ஒன்றில் சரிகை. அது அடுத்த துணியை அறுத்திருக்கிறது. ஓரம் முழுக்க நைந்து உள்ளடுக்கு எட்டிப் பார்க்கிறது. ஒரு மூலையில் பெரிய பழுப்புக் கறை. 1975-இல் ஜெர்வேஸ் புயலின்போது கூரைத் தகடு பறந்து மழை உள்ளே இறங்கியதில் வந்தது என்கிறார் மாமியார். அப்புறம் காவடிக்குக் கட்டிய ரோஸ் துணியில் சில சதுரங்கள். சாயம் விடுமோ என்று பயம்.

மாமியார், "உதிர்வதைப் பிரித்து எறிந்துவிட்டுப் புதுசு வை" என்கிறார். கணவர், "தொடாதே, அப்படியே மடித்து வை" என்கிறார். கையில் வெள்ளை பாலியெஸ்டர் நூலும் காத்ர் போர்ன் சந்தையில் வாங்கிய புதுப் பருத்தித் துணி ஒன்றரை மீட்டரும் இருக்கின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது?

சும்மா_பார்வையாளன் (புதன், காலை 9.20)

எங்கள் வீட்டில் காலையிலிருந்து டோமினோ. இந்தத் தீவிலேயே இன்று உருப்படியான வேலை நடக்கிற வீடு உங்கள் வீடாகத்தான் இருக்கும்.

கோர்தெரி_தையல்காரர் (புதன், காலை 9.41)

தங்கச்சி, உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. உதிர்கிற துணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிளேடால் தையலைப் பிரித்து எடுத்துவிடுங்கள், அதே அளவில் புதுத் துண்டு வெட்டி மிஷினில் அடித்துவிடுங்கள். மதியத்துக்குள் முடிந்துவிடும். கரண்ட் போவதற்குள் அடியுங்கள், அவ்வளவுதான் விஷயம். கடையில் இப்படி எத்தனையோ போர்வை செய்து கொடுத்திருக்கிறேன்.

பஞ்சும்_நூலும் (புதன், காலை 10.05)

அண்ணா, புதுப் போர்வை என்றால் நீங்கள் சொல்வதில் தப்பே இல்லை. இது மூன்று அடுக்கும் சேர்த்துத் தைத்தது. ஒரு சதுரத்தை எடுக்க அதைச் சுற்றியுள்ள நாலு சேர்ப்புத் தையலையும், அதன் மேல் குறுக்கே ஓடுகிற ஓட்டுத் தையல் அத்தனையையும் பிரிக்க வேண்டும். பிரித்தால் பக்கத்துச் சதுரங்களின் ஓரம் வெறுமனே நிற்கும். அந்த ஓரத்தில் உள்மடிப்புக் கால் அங்குலம்கூட இருக்காது, அதுவும் வருஷக்கணக்காக நூல் இழுத்து ஓட்டை ஓட்டையாக இருக்கும். மறுபடி மிஷின் ஊசி அதே இடத்தில் விழுந்தால் தபால்தலை ஓரம் போலக் கிழிந்து வரும். ஒரு சதுரத்தில் தொடங்கிய வேலை ஐந்து சதுரத்துக்குப் போய்விடும்.

கியூர்பிப் அக்கா, ஓர் அருங்காட்சியகத்தில் துணிப் பராமரிப்பில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பழுப்பும் கறுப்பும் மட்டும் உதிர்வதற்குக் காரணம் சாயம். பழைய காலத்தில் அந்த நிறங்களுக்குக் கடுக்காய் மாதிரித் துவர்ப்புச் சரக்கோடு இரும்பு உப்பைச் சேர்த்துத் தோய்ப்பார்கள். நாளாக ஆக அந்த இரும்பு பருத்தி இழையையே தின்றுவிடும். நீங்கள் எதைச் செய்தாலும் அது நிற்காது, மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடந்துகொண்டே இருக்கும். அதனால் அந்தச் சதுரத்தை ஒட்டவைக்கவோ, இழை இழையாக டார்னிங் போடவோ முயல வேண்டாம். ஊசி பிடிக்க அங்கே துணி இல்லை. அதை அப்படியே உள்ளே விட்டு, மேலே இன்னொரு துண்டால் மூடுங்கள். மூடும் துண்டின் ஓரம் சேர்ப்புத் தையலைத் தாண்டிப் பக்கத்துக் கெட்டியான துணியில் போய் உட்கார வேண்டும். அதுதான் முக்கியம்.

பாலியெஸ்டர் நூலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நூல் எப்போதும் துணியைவிடக் கொஞ்சம் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும். இழுபடும்போது நூல் அறுந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம். நூல் தாங்கி நின்று துணியை அறுத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கோர்தெரி_தையல்காரர் (புதன், காலை 10.18)

நூல் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது அருங்காட்சியகப் பொருள் இல்லையே அம்மா, போர்த்திக்கொள்கிற போர்வை. கியூர்பிப்பில் ஜூலையில் குளிர் எப்படி இருக்கும் என்று இங்கே வந்து பாருங்கள். உறுதியாக இருக்க வேண்டும்.

பஞ்சும்_நூலும் (புதன், காலை 10.26)

போர்த்திக்கொள்ளத்தான் சொல்கிறேன், அண்ணா. மேலே மூடிய ஒட்டு, பிரித்து வைத்த துண்டைவிட அதிகம் தாங்கும். கீழே பழைய துணி இன்னும் அரைகுறையாகவாவது இருக்கிறது, மூன்று அடுக்கும் கலையவில்லை.

தாந்தின்_ரோஸ்ஹில் (புதன், காலை 11.02)

மகளே, நீ எழுதியதைப் படித்துவிட்டு என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். உன் போர்வைக்கும் என் அம்மாவுடையதற்கும் ஒரே ஜாதகம்.

மாவு மூட்டைத் துணியை அந்தக் காலத்தில் யாரும் எறியவே மாட்டார்கள். எழுத்துப் போகச் சோப்புப் போட்டு ஊற வைத்து, கல்லில் அடித்து, வெயிலில் காயப்போட்டு, மறுபடியும் நனைத்துக் காயப்போடுவார்கள். பிள்ளைகளுக்கு உள்ளாடை, சமையல்கட்டுத் துணி, தலையணை உறை, எல்லாம் அதிலிருந்துதான். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் சர்க்கரைக் கோணியை இடுப்பில் கட்டிக்கொண்டு போவார்கள். போர்வைக்கு மட்டும் கோணி சரிப்படாது, குத்தும். தரையில் விரிக்கிறதற்கு அடித்துணியாகப் போடுவார்கள். 1980-இல் போர்லூயித் துறைமுகத்தில் சர்க்கரையை மொத்தமாக ஏற்றும் முனையம் வந்தபின் கோணி கிடைப்பதே குறைந்துவிட்டது.

என் அம்மா செய்த போர்வையில் நடுவில் இருப்பது அவருடைய அம்மாவின் போர்வை. அது கிழிந்தால் அதன் மேல் புதிதாக ஒரு தோல் போடுவார்கள், அவ்வளவுதான். பிரிக்கிற பேச்சே கிடையாது. உன் மாமியாருடைய பாட்டியும் அப்படித்தானே செய்திருக்கிறார்? உள்ளே விரல் விட்டபோது நீயே பார்த்துவிட்டாய்.

ஒட்டுக்கு அந்தப் புதுத் துணி வேண்டாம். புதுத்துணி முரடு, துவைத்தால் சுருங்கும், சுருங்கும்போது பழசைப் பிடித்து இழுக்கும். வீட்டில் நைந்த தலையணை உறை, பழைய வாயில் சேலை, மாமனார் சட்டையின் முதுகுப் பக்கம் ஏதாவது இருக்கும், தேடிப் பார். சட்டையில் முதுகுதான் கடைசிவரை நன்றாக இருக்கும், கழுத்தும் கையும்தான் முதலில் போகும்.

சாயம் விடுகிற ரோஸ் துணிக்கு உப்புத் தண்ணீரில் ஊற வை. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம்.

பஞ்சும்_நூலும் (புதன், காலை 11.20)

தாந்தின், முதுகுப் பக்கத் துணி பற்றிச் சொன்னீர்களே, அது லட்ச ரூபாய் யோசனை. உப்பு விஷயத்தில் மட்டும் மன்னிக்க வேண்டும். கடைத்துணியின் சாயத்தை உப்போ வினிகரோ பின்னால் வந்து நிறுத்தாது. சாயம் ஏற்றும்போது உப்புச் சேர்ப்பது வேறு கதை. ஏற்கனவே இளகி நிற்கிற சாயத்தை அது பிடித்து வைக்காது.

அக்கா, முதலில் சோதித்துப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சை நனைத்து ரோஸ் சதுரத்தின் ஓர் ஓரத்தில் வைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை ஐந்து நிமிஷம் வையுங்கள் (பிளாஸ்டிக் உறை போட்ட புத்தகமாக இருக்கட்டும்). பஞ்சில் நிறம் ஏறினால் இந்தப் போர்வைக்குத் தண்ணீரே கிடையாது. ஏறாவிட்டால் சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் இன்னொரு முறை. வெறும் தண்ணீரில் நிற்கிற சாயம் சோப்பில் போகலாம். சிவப்பு, நீலம், கறுப்புச் சதுரங்களிலும் ஒன்றொன்று பார்த்துவிடுங்கள்.

கியூர்பிப்_மருமகள் (புதன், காலை 11.48)

பார்த்தேன். ரோஸ் சதுரத்தில் வைத்த பஞ்சு நல்ல ரோஸ் ஆகிவிட்டது. மற்றதெல்லாம் பரவாயில்லை. அப்படியானால் ஜெர்வேஸ் கறை?

பஞ்சும்_நூலும் (புதன், காலை 11.55)

அது அங்கேயே இருக்கட்டும். தண்ணீர் காய்ந்த கறையை எடுக்க முழுப் போர்வையையும் நனைக்க வேண்டும். ஓரிடத்தை மட்டும் நனைத்துத் தேய்த்தால் அழுக்கு விளிம்புக்குப் போய் இன்னொரு வளையம் உண்டாகும். ரோஸ் சதுரங்கள் இருக்கும்வரை நனைக்க முடியாது. ஜாவேல் தண்ணீர் (பிளீச்) பக்கமே போக வேண்டாம், கறையோடு துணியும் போகும்.

தூசி எடுக்க வேக்குவம் கிளீனர் இருந்தால் குழாய் முனையில் கொசுவலைத் துணியைக் கட்டி, மிகக் குறைந்த இழுப்பில், துணியைத் தொடாமல் மேலாக ஓட்டுங்கள். உதிர்கிற சதுரங்களை விட்டுவிடுங்கள். மூடிய பிறகு பார்க்கலாம்.

சும்மா_பார்வையாளன் (புதன், மதியம் 12.10)

ஐம்பது வருஷம் இருந்த கறை. இனி அதுவும் குடும்பத்தில் ஒருவர்.

சாந்தாந்த்ரே_வாசி (புதன், மதியம் 12.33)

பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். இங்கே பழைய வீடுகளில் தாப்பி மாந்தியான் உண்டு, அறுகோணத் துண்டுகளைச் சேர்த்துச் செய்த படுக்கை விரிப்பு. சதுரத்தைவிட வேலை அதிகம். ஒவ்வொரு துண்டையும் ஒரு காகித அறுகோணத்தின் மேல் மடித்துக் கச்சாத் தையல் (தற்காலிகமாகப் பிடித்து வைக்கிற தையல்) போட்டு, பிறகு ஓரத்தோடு ஓரம் சேர்ப்பார்கள். எல்லாப் பக்கமும் அண்டை வந்த பிறகுதான் காகிதத்தை உருவ வேண்டும்.

எங்கள் அத்தை வீட்டில் பாதியில் நின்ற ஒன்று இருக்கிறது. பின்பக்கம் காகிதம் அப்படியே இருக்கிறது, பள்ளி நோட்டுத் தாள்! ஓர் அறுகோணத்தில் பெருக்கல் கணக்கு, இன்னொன்றில் சிவப்பு மையில் ஆசிரியரின் திருத்தம், இன்னொன்றில் பாதி வாக்கியம். யாருடைய நோட்டு என்று வீட்டில் இன்றுவரை சண்டை. இதை முடிப்பதா, அப்படியே விடுவதா? துவைக்கலாமா?

பஞ்சும்_நூலும் (புதன், மதியம் 12.50)

காகிதம் உள்ளே இருக்கும்வரை துவைக்கவே கூடாது. மை கரையும், மலிவுத் தாளின் அமிலமும் துணியில் இறங்கும். முடிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தத் தாள்தான் இந்தத் துணியின் வயதைச் சொல்லப் போகிறது. பின்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் படம் எடுத்து வையுங்கள். தாள் பழுப்பாகிக்கொண்டே போகும், படம் போகாது.

கியூர்பிப் அக்கா, நீங்களும் ஊசி எடுக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம், ஒவ்வொரு கிழிசல் என்று படம் எடுத்துவிடுங்கள்.

சாந்தாந்த்ரே_வாசி (புதன், மதியம் 12.58)

அத்தை முடிக்கச் சொல்கிறார். தொண்ணூறு வயதுக்காரரிடம் அமிலம் பற்றி நான் எப்படிப் பேசுவது?

தாந்தின்_ரோஸ்ஹில் (புதன், பிற்பகல் 1.15)

அப்படியானால் அத்தையையே முடிக்கச் சொல். அவர் கை பட்டால் அது பழசுதான்.

டர்பன்_பேத்தி (புதன், பிற்பகல் 2.04)

இங்கே டர்பனில் வெயில் கொளுத்துகிறது, உங்கள் புயல் கதையைப் படித்துக்கொண்டு நானும் ஒன்றை எடுத்து விரித்து வைத்திருக்கிறேன். நிறவெறி ஆட்சியில் பாட்டி சாட்ஸ்வொர்த் புறநகருக்குக் குடிமாற்றப்பட்டு வந்தபோது கொண்டு வந்தது. இதில் பாதி ஷ்வெஷ்வே. கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி, வெள்ளைக் கொடி போட்ட பருத்தித் துணி. பிரெஞ்சு மிஷனரிமார் 1840-களில் பசோத்தோ மக்களின் மன்னர் மொஷோஷோவுக்குக் கொடுத்த துணி என்பார்கள், அவர் பெயரே துணிக்கும் ஆயிற்று. முன்பெல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1982-லிருந்து இங்கேயே, கிழக்குக் கேப் பகுதியில் உள்ள ஸ்வெலித்ஷாவில் அச்சடிக்கிறார்கள். துணியை முழுக்கச் சாயம் ஏற்றிவிட்டு, செம்பு உருளை வழியாக அமிலம் பட்ட இடத்தில் மட்டும் நிறம் போகச் செய்வது இதன் அச்சு முறை. பின்பக்க முத்திரையை வைத்து அசலைக் கண்டுபிடிப்பார்கள், மூன்று பூனை முத்திரை ரொம்பப் பிரபலம்.

இதை ஒட்டுக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புது ஷ்வெஷ்வே அட்டை விறைப்பில் வரும், அவ்வளவு கஞ்சி. கப்பலில் ஈரம் தாக்காமல் இருக்கப் போட்ட கஞ்சி, இன்றும் வழக்கம் மாறவில்லை. நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும், வயதான அம்மாமார் கடையில் அப்படிச் சோதித்துத்தான் வாங்குவார்கள். கஞ்சி போகப் போகத் துணி சுருங்கும், கொஞ்சம் நீலமும் விடும். தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும்.

என் கேள்வி: பாட்டி போர்வையில் ஷ்வெஷ்வே எல்லாம் நன்றாக இருக்கிறது. இடையிடையே வழவழப்பான ஒரு துணி இருக்கிறது, அதுவும் கிழியவில்லை. அதை ஒட்டியிருக்கிற பருத்தி மட்டும் கிழிந்திருக்கிறது. ஏன்?

கோர்தெரி_தையல்காரர் (புதன், பிற்பகல் 2.22)

அது பாலியெஸ்டராக இருக்கும். எங்கள் பக்கத்திலும் இதே கதைதான். 1970-இல் ஏற்றுமதி வலயச் சட்டம் வந்தது, அப்புறம் ஊருக்கு ஊர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. அங்கே வேலை செய்த பெண்கள் வெட்டுத் துண்டுகளைப் பை பையாக வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். அந்தக் காலத்துப் போர்வையைப் பார்த்தால் டி-ஷர்ட் துணி, பாலியெஸ்டர், பருத்தி எல்லாம் கலந்துகட்டி இருக்கும். பாலியெஸ்டர் சாகாது, பக்கத்தில் இருப்பவனைச் சாகடிக்கும். டி-ஷர்ட் துணி வேறு இழுத்த இழுப்புக்கு வரும், பருத்தி வராது, தையலில்தான் எல்லா இழுப்பும் விழும்.

அங்கே ஒட்டுப் போடும்போது பாலியெஸ்டர் சதுரத்தின் மேலும் ஒரு விரல் ஏறும்படி வைத்துத் தையுங்கள், பழைய தையல் கோட்டின் மேலேயே தைக்காதீர்கள். இழுப்பு வேறு இடத்துக்குப் போய்விடும்.

பஞ்சும்_நூலும் (புதன், பிற்பகல் 2.30)

அண்ணா, இதை நானே இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கோர்தெரி_தையல்காரர் (புதன், பிற்பகல் 2.31)

மிஷினும் வேண்டாம் என்று இன்னும் நான் சொல்லவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

கியூர்பிப்_மருமகள் (புதன், பிற்பகல் 3.10)

மாமியாரும் களத்தில் இறங்கிவிட்டார். அலமாரி அடியிலிருந்து பழுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தலையணை உறைகளைக் கொண்டு வந்திருக்கிறார், நன்றாக நைந்து மெதுவாக இருக்கின்றன. கணவர் ஊசியில் நூல் கோக்கும் வேலையை ஏற்றுக்கொண்டு, "நான் தொடாதே என்றுதான் சொன்னேன்" என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். கரண்ட் போகவில்லை, ஆனால் பலகை அடித்த ஜன்னல், வெளிச்சம் போதவில்லை. பருத்தி நூல் மாமியாரின் டப்பாவில் கிடைத்தது, பழசு. பயன்படுத்தலாமா? ஒட்டுப் போடுகிற முறையையும் யாராவது படிப்படியாகச் சொல்லுங்களேன்.

தாந்தின்_ரோஸ்ஹில் (புதன், பிற்பகல் 3.34)

பழைய நூலை இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டிப் பார். பட்டென்று அறுந்தால் வேண்டாம், சற்று இழுத்துக் கொடுத்துவிட்டு அறுந்தால் நல்ல நூல்.

நான் செய்கிறது இப்படி. உதிர்கிற சதுரத்தைவிட எல்லாப் பக்கமும் முக்கால் அங்குலம் பெரிதாக வெட்டு. வெட்டும்போது இழை ஓடுகிற திசை பார். போர்வைத் துணியில் நெடுக்கிழை எப்படிப் போகிறதோ ஒட்டிலும் அப்படியே போக வேண்டும், குறுக்கே வைத்தால் துவைத்த பிறகு உப்பி நிற்கும். ஓரம் கால் அங்குலம் உள்ளே மடித்து இஸ்திரி போடு. போர்வையைத் தரையிலோ மேசையிலோ முழுக்க விரித்து, சுருக்கம் இல்லாமல் ஒட்டை அதன் மேல் வைத்து, நாலு மூலையிலும் நடுவிலும் கச்சாத் தையல். மடியில் போட்டுக்கொண்டு தைத்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், விரித்த இடத்திலேயே உட்கார்ந்து தை.

நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். ஊசி 9 அல்லது 10-ஆம் எண், மெல்லியது. முடிச்சுப் போடாதே, பழந்துணியில் முடிச்சுப் பிய்த்துக்கொண்டு வரும். ஒட்டின் மடிப்புக்குள்ளிருந்து தொடங்கி, ஒரே இடத்தில் இரண்டு தையல் போட்டால் போதும். அப்புறம் ஹெம்மிங். ஊசி கீழே போர்வைத் துணியில் இரண்டு மூன்று இழையை மட்டும் பிடிக்க வேண்டும், உடனே மேலே வந்து மடிப்பு விளிம்பைப் பிடிக்க வேண்டும். நூலை இறுக்காதே. இறுக்கினால் அந்த இடத்தில் குழி விழும்.

சுற்றி முடிந்ததும் ஒட்டு வெறுமனே உப்பலாக நிற்கும். பழைய ஓட்டுத் தையல் வரிசை பக்கத்துச் சதுரத்தில் எங்கே வந்து நிற்கிறதோ அங்கிருந்து பிடித்து, ஒட்டின் மேல் அதே கோட்டில் மூன்று அடுக்கும் போகும்படி ஓட்டித் தைத்து அந்தப் பக்கத்து வரிசையோடு சேர்த்துவிடு. இதை யாரும் செய்வதில்லை. இதைச் செய்தால்தான் ஒட்டு போர்வையோடு ஒன்றாகும்.

பழைய ஆள் போட்ட தையலை உற்றுப் பார். என் அம்மாவின் தையல் வலமிருந்து இடம் வரும்போது நீளம், திரும்பிப் போகும்போது குட்டை. வெளிச்சம் ஒரு பக்கம் இருந்திருக்கிறது.

பஞ்சும்_நூலும் (புதன், பிற்பகல் 3.50)

இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. சரிகைத் துண்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அசல் சரிகை பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றியது. துணி மடங்கும்போது கம்பி மடங்காது, கத்தியாகப் பக்கத்து இழையை அறுக்கும். பச்சை பூத்திருந்தால் செம்புச் சரிகையாக இருக்கலாம். எதுவானாலும் பாலிஷ் போட வேண்டாம். காட்சிக்கு வைப்பதென்றால் மேலே மெல்லிய வலைத்துணி போர்த்துவார்கள், ஆனால் படுக்கையில் கால்விரல் மாட்டும். நீங்கள் பயன்படுத்தப் போவதால் சரிகை ஓரத்தை மட்டும் ஒரு வாயில் பட்டியால் மூடுங்கள், நடுவில் வேலைப்பாடு தெரியட்டும். அந்த வரியில் மடிக்கவே மடிக்காதீர்கள்.

கோர்தெரி_தையல்காரர் (புதன், மாலை 4.15)

ஓரத்தை யாரும் சொல்லவில்லை, அது என் வேலை. பழைய ஓரப் பட்டியைப் பிரிக்க வேண்டாம் (பார்த்தீர்களா, நானும் மாறிவிட்டேன்). அதன் மேலேயே புதுப் பட்டி போடுங்கள். துணியை நேராக வெட்டாமல் மூலைவாட்டில் கிராஸ் பட்டியாக வெட்டுங்கள். நேர்ப்பட்டியில் மடிப்பு முழுக்க ஒரே இழையின் மேல் விழும், அந்த இழை தேய்ந்தால் ஓரம் மொத்தமும் பிளந்துவிடும். கிராஸில் இழை சாய்வாக ஓடுவதால் தேய்மானம் பரவும். இரண்டு அங்குல அகலம் போதும். கழுத்துப் பக்கத்து ஓரம்தான் சீக்கிரம் போகும், அங்கே மட்டும் இரட்டையாக மடித்துப் போடுங்கள். அந்தச் சந்தைத் துணியை இதற்குப் பயன்படுத்தலாம், இரண்டு முறை துவைத்துவிட்டு.

கியூர்பிப்_மருமகள் (சனி, காலை 8.30)

புயல் வடக்கே விலகிப் போய்விட்டது, எங்களுக்கு மழை மட்டும். பழுப்புச் சதுரங்கள் எல்லாம் மூடியாயிற்று. மாமியார் போட்டது எது, நான் போட்டது எது என்று பார்த்தாலே தெரிகிறது. அவருடைய ஓட்டுத் தையல் அரிசி அளவு, என்னுடையது புழுங்கல் நெல் அளவு. சரிகைத் துண்டை இன்னும் தொடவில்லை, பொருத்தமான வாயில் கிடைக்கவில்லை. ஓரப் பட்டி பாதி முடிந்தது.

இனி எங்கே வைப்பது? கியூர்பிப் வீட்டில் அலமாரிக்குள் செருப்பே பூஞ்சணம் பூக்கும்.

பஞ்சும்_நூலும் (சனி, காலை 9.05)

பிளாஸ்டிக் பைக்குள் மட்டும் வேண்டாம், உள்ளே ஈரம் அடைபட்டு வேர்க்கும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம், உங்கள் ஊரில் அது தினசரி. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிருங்கள். துவைத்த வெள்ளைப் படுக்கை விரிப்பில் சுற்றி வையுங்கள், மரம் நேரடியாகத் துணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கஞ்சி போட்டு வைக்காதீர்கள், கஞ்சிக்கு வெள்ளிப்பூச்சி வரும். அந்துருண்டை போட்டால் துணியில் படாமல் தனிப் பொட்டலமாக. வருஷத்துக்குச் சில தடவை எடுத்து வேறு இடத்தில் மடியுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில் உடையும்.

கோர்தெரி_தையல்காரர் (சனி, காலை 9.20)

ஆள் படுக்காத கட்டில் ஒன்று இருந்தால் அதில் விரித்து வைத்துவிட்டு மேலே ஒரு துணியைப் போர்த்துங்கள். மடிப்பே இல்லை, காற்றும் படும்.

பஞ்சும்_நூலும் (சனி, காலை 9.24)

அண்ணா சொன்னதுதான் எல்லாவற்றிலும் சிறந்த வழி. வெயில் நேராக அடிக்காத அறையாக இருக்கட்டும். பூனை இருந்தால் கதவைச் சாத்துங்கள்.

தாந்தின்_ரோஸ்ஹில் (சனி, காலை 9.50)

ஒரு மூலையில் பட்டிக்குள் சின்னத் துணி வைத்து, யார் தைத்தது, யார் ஒட்டுப் போட்டது, எந்த வருஷம் என்று நூலால் எழுதிவிடு. பேனா மை பரவும். உன் பெயரையும் மாமியார் பெயரையும் சேர்த்துப் போடு, கணவர் நூல் கோத்ததையும் விட்டுவிடாதே.

சும்மா_பார்வையாளன் (சனி, காலை 10.02)

"தொடாதே என்று சொன்னவர்: இன்னார்" என்று இன்னொரு வரியும் போடலாம்.

டர்பன்_பேத்தி (சனி, பிற்பகல் 1.40)

என் வழவழப்புத் துணி பாலியெஸ்டர்தானா என்று நிச்சயமாக எப்படிக் கண்டுபிடிப்பது? ஒட்டு அளவு முடிவு செய்ய அது தெரிய வேண்டும்.

கோர்தெரி_தையல்காரர் (சனி, பிற்பகல் 2.15)

சேர்ப்புத் தையலுக்குள் மடிந்திருக்கிற ஓரத்திலிருந்து நாலைந்து இழையை ஊசியால் உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் ஊதினால் பறக்கும். பாலியெஸ்டர் என்றால் சுருங்கி உருகி, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும். இரண்டும் கலந்தது என்றால் சாம்பலும் இருக்கும், அதற்குள் கட்டியும் இருக்கும். போர்வையை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.